பீடி சுற்றும் இல்லங்களில் ஊடகமும் உழைப்பும்

முக்கூடல், மேலப்பாளையம் முதலிய தாமிரபரணிப் பகுதி ஊர்களில் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனக் கூலி கணக்கிடப்படுவதால், கை ஓய்ந்தால் வருவாய் குறையும். 1963இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி வானொலி செவியை மட்டுமே வேண்டியது. மடியிலிருந்த சுளகில் வேலை தடையின்றி நடந்தது. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் எளிய இல்லங்களுக்கும் கொண்டுசேர்த்த கருவி கண்ணை வேண்டியது. விரல் பழகிய பெண்கள் தொடர்களைப் பார்த்தபடியே சுற்றினர். ஒளிபரப்பு நேரத்தையொட்டி மாலை வேலைகள் ஒழுங்குபட்டன.

திறன்பேசியோ கையையே வேண்டுகிறது. அதனைத் தொடும் நேரம் கூலி இழக்கும் நேரம். ஆகவே ஓர் இல்லத்தில் திறன்பேசி உள்ளதா என்று கேட்பதோடு அமையாது, அதனை ஏந்தும் ஓய்வு யார் கைக்கு வாய்க்கிறது என்பதையும் ஆய்வாளர் வினவுதல் வேண்டும்.