கொல்லிமலையின் குளுகுளு வீடு!

குட்டீஸ்... சித்திரை மாதத்து மத்தியான நேரம். நாமக்கல் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கும். மின்விசிறியைப் போட்டால் அதிலிருந்தும் அனல் காற்றுதான் வரும். 'ஒரு ஏ.சி. இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!' என்று தோன்றும், இல்லையா?

அதே நாமக்கல் மாவட்டத்தில்தான் கொல்லிமலை இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்தில் பஸ் மலையேறத் தொடங்கினால், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் மேலே போக முடியும். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வரும். 1,000 மீட்டர் உயரம் ஏறினால், வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். கீழே 38 டிகிரி என்றால், மேலே 31, 32 டிகிரிதான் இருக்கும். இது இயற்கை போட்ட ஏ.சி!

'அப்படியானால் மலையில் எல்லா வீடும் குளுகுளு என்று இருக்குமே' என்று நினைக்காதீர்கள். அங்கேயும் தகரக் கூரை போட்ட வீட்டுக்குள் மத்தியானம் உட்கார முடியாது. அதே வீட்டில் மார்கழி இரவில் படுத்தால் பல் கிட்டிப் போகும். விடியற்காலையில் தகரத்தின் அடிப்பக்கம் ஈரம் கோத்து, சொட்டுச் சொட்டாகத் தலையில் விழும்!

ஊர் குளிர்ந்த ஊராக இருந்தால் மட்டும் போதாது. வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். இந்த ரகசியம் கொல்லிமலையின் பழைய வீடுகளுக்கு நன்றாகத் தெரியும். வாருங்கள், அந்த வீடு ஒன்றைச் சுற்றிப் பார்க்கலாம்.

புல் போர்வை!

கொல்லிமலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் பழைய வீடு சிறியது. மண் சுவர், சாணம் மெழுகிய தரை, மேலே மலைப்புல் வேய்ந்த கூரை. கூரை தாழ்ந்து இறங்கியிருக்கும். பெரியவர்கள் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கரண்டு வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே கட்டப் பழகிய வீடு இது.

முதலில் கூரையைப் பாருங்கள். ஒரு கட்டுப் புல்லில் இருப்பது புல் மட்டுமல்ல. புல்லுக்குப் புல் நடுவே ஏராளமான காற்று சிக்கிக் கிடக்கிறது. அசையாமல் சிக்கிய காற்று வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது. நீங்கள் குளிருக்குப் போடும் கம்பளிச் சட்டை கதகதப்பாக இருப்பதற்கும் இதுதான் காரணம். கம்பளி சூட்டைத் தயாரிப்பதில்லை. உங்கள் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

புல் கூரையும் வீட்டுக்கு ஒரு கம்பளி. பகலில் வெயிலை உள்ளே விடாது. இரவில் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. ஒரே தடிமனில் புல்லையும் கான்கிரீட்டையும் எடுத்துக்கொண்டால், கான்கிரீட் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தகரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

கூரைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? சித்திரையில் நம் ஊரில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சிக்கு வந்துவிடும். அப்போது வெயில் முழுவதும் விழுவது சுவரில் அல்ல, கூரையில்தான். தமிழ்நாட்டு வீட்டைக் குளிர வைக்க நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது தலைக்கு மேலே!

தாமதமாக வரும் வெயில்!

அடுத்தது மண் சுவர். மண் சுவர் வெப்பத்தைத் தடுப்பதைவிட, தாமதப்படுத்துவதில் கெட்டிக்காரன். ஓர் அடி தடிமனுள்ள மண் சுவரின் வெளிப்பக்கம் பகலில் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூடு மெல்ல மெல்ல நடந்து உட்பக்கம் வந்து சேர ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். அதற்குள் பொழுது சாய்ந்து, மலையில் குளிர் இறங்கிவிடும். பகல் வெயில், தேவைப்படும் இரவு நேரத்தில் கதகதப்பாக வந்து சேருகிறது. எவ்வளவு வசதி பாருங்கள்!

வெளியே நீண்டிருக்கும் இறவாரத்துக்கும் வேலை உண்டு. உச்சி வெயில் சுவரில் படாமல் அது நிழல் தரும். மழை சுவரைக் கரைக்காமலும் காக்கும். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அப்போது தெற்குப் பார்த்த திண்ணையில் இளவெயில் எட்டிப் பார்க்கும். குளிர் காய அதுதான் நல்ல இடம்.

உள்ளே கூரைக்கும் அறைக்கும் நடுவே பரண். சாமை, தினை, கேழ்வரகு எல்லாவற்றையும் அதில் சேர்த்து வைப்பார்கள். கீழே அடுப்பு எரியும்போது எழும் சூடும் புகையும் தானியத்தை உலர வைத்து, வண்டு அண்டாமல் காக்கும். பரண் இன்னொரு போர்வையாகவும் ஆகிவிடுகிறது. ஒரே அடுப்பில் சமையல், குளிருக்கு இதம், விதைக்குப் பாதுகாப்பு என்று மூன்று வேலைகள்!

குறையும் உண்டு!

'இவ்வளவு நல்ல வீட்டை ஏன் விட்டார்கள்?' என்று கேட்பீர்கள். கொல்லிமலையில் புல் வீடுகள் இன்று அருகிப்போய், கான்கிரீட் வீடுகளும் ஓட்டு வீடுகளும் பெருகிவிட்டன. அதற்குச் சரியான காரணங்கள் இருக்கின்றன.

புல் கூரை தீப்பிடிக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்து மறுபடி வேய வேண்டும். அதற்குப் புல்லும் வேண்டும், ஆளும் வேண்டும். அடைமழையில் ஒழுகும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, புகை! ஜன்னல் இல்லாத வீட்டுக்குள் விறகு எரிந்தால், வண்டை விரட்டும் அதே புகைதான் சமைக்கும் அம்மாவின் நெஞ்சுக்குள்ளும், அருகில் படுத்திருக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இதைக் குறைக்கத்தான் ஏழைக் குடும்பங்களுக்குச் சமையல் காஸ் இணைப்புக் கொடுக்கும் உஜ்வலா திட்டத்தை, மத்திய அரசு 2016ல் தொடங்கியது.

ஆகவே, பழைய வீட்டுக்கே திரும்பிப் போங்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. கான்கிரீட் வீடு மழைக்கும் தீக்கும் பயமில்லாத வீடு. பழைய வீட்டின் புத்தியைப் புது வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்!

கரையானும் ஜெர்மனியும்!

உலகில் சிலர் அதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தலைநகரம் ஹராரே. அங்கே 1996ல் 'ஈஸ்ட்கேட் சென்டர்' என்ற பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. கடைகளும் அலுவலகங்களும் உள்ள கட்டடம். மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர், கரையான் புற்றைப் பார்த்து யோசனை பெற்று இதை வடிவமைத்தார். இரவில் குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்து, கனமான கான்கிரீட்டைக் குளிர வைத்துவிடுவார்கள். பகலில் அந்தக் குளிர்ச்சி அறைகளுக்குக் கிடைக்கும். சூடான காற்று லேசாகி, மேலே உள்ள புகைபோக்கிகள் வழியே வெளியேறும். வழக்கமான ஏ.சி. இயந்திரம் இல்லை, காற்றைத் தள்ள மின்விசிறிகள் மட்டும்தான்!

குளிர் நாட்டுக் கதை இன்னும் சுவையானது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991ல் நான்கு குடும்பங்கள் ஒரு புதுமாதிரி வீட்டுக்குக் குடிவந்தன. தடிமனான போர்வை போட்ட சுவர், மூன்று அடுக்குக் கண்ணாடி ஜன்னல், இடுக்கே இல்லாத கதவு. சாதாரண வீட்டைச் சூடாக்கத் தேவைப்படும் எரிபொருளில் பத்தில் ஒரு பங்கு போதும்!

'இடுக்கே இல்லையென்றால் மூச்சு முட்டாதா?' நல்ல கேள்வி! அதற்கும் ஒரு வழி வைத்தார்கள். உள்ளிருந்து வெளியேறும் பழைய காற்றும், வெளியிலிருந்து வரும் புதிய காற்றும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் போகும். இரண்டும் கலப்பதில்லை. ஆனால், வெளியே போகும் காற்று தன் சூட்டை, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். கெட்ட காற்று வெளியே. சூடு மட்டும் வீட்டிலேயே!

உயிரைக் குடிக்கும் கதகதப்பு!

இந்த இடத்தில் ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள் குட்டீஸ். மலைப் பகுதிக்குச் சுற்றுலா போனவர்கள், குளிருக்காக அறைக்குள் அடுப்புக்கரியை எரிய விட்டு, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்திகள் தமிழ்நாட்டிலேயே வந்திருக்கின்றன.

காரணம், கார்பன் மோனாக்சைடு என்ற வாயு. இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. கரி, விறகு, ஜெனரேட்டர் எதையும் மூடிய அறைக்குள் எரிய விடக் கூடாது. அப்படி எரியும் இடத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே எல்லாரும் வெளியே வந்து, 108க்குப் போன் செய்ய வேண்டும். இதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சொல்லுங்கள். குளிருக்குக் கம்பளி இருக்கிறது; காற்றுக்கு மாற்று இல்லை!

கொஞ்சம் கணக்குப் போடுவோமா?

ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரம். ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 1,500 வாட் எடுக்கும். சாதாரண மின்விசிறி 75 வாட். அதாவது, ஒரு ஏ.சி. ஓடும் மின்சாரத்தில் 20 மின்விசிறிகள் சுழலும்! இப்போது வந்திருக்கும் பி.எல்.டி.சி. மின்விசிறிக்கு 30 வாட் அளவே போதும். அந்த மின்சாரத்தில் 50 மின்விசிறிகள்!

மின்விசிறி அறையைக் குளிர வைப்பதில்லை என்பது தெரியுமா? நம் உடம்பில் உள்ள வியர்வையை ஆவியாக்குவதால் நமக்குக் குளிர்கிறது. ஆள் இல்லாத அறையில் அது சுற்றினால் வீண்தான்.

ஏ.சி. உள்ள வீடுகளில் 24 டிகிரிக்குக் கீழே வைக்காமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைக்கும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 ஜனவரி முதல், இந்தியாவில் நட்சத்திர முத்திரையோடு விற்கும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

செய்து பாருங்கள்!

1. ஒரே அளவுள்ள இரண்டு செருப்புப் பெட்டிகளை எடுங்கள். ஒன்றின் மேல் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். இன்னொன்றின் மேல் நான்கு விரல் உயரத்துக்கு வைக்கோல் பரப்புங்கள். இரண்டுக்குள்ளும் ஒரே அளவு ஐஸ் கட்டியைக் கிண்ணத்தில் வைத்து மூடி, வெயிலில் வையுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். எது முதலில் கரைகிறது? அதுதான் வெயிலை உள்ளே விடும் வீடு!

2. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓர் ஊதுபத்தி ஏற்றுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அறையில் ஒரு ஜன்னலை மட்டும் திறங்கள். புகை அங்கேயே சுற்றும். இப்போது எதிர்ப்பக்கக் கதவையும் திறங்கள். புகை ஓட ஆரம்பிக்கும்! காற்று வர ஒரு வழி போதாது. போகவும் ஒரு வழி வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு...

* கோடையில் காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் விழும் ஜன்னல்களை மூடி, திரை போடுங்கள். பொழுது சாய்ந்து வெளியே குளிர்ந்ததும், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். மலையில் மார்கழியில் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: பகலில் வெயிலை உள்ளே விட்டு, இரவில் சாத்துங்கள். காற்றுக்கு மட்டும் மேலே ஒரு சின்ன வழி எப்போதும் திறந்திருக்கட்டும்.

* மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திரும்பிப் போய்விடும். தமிழ்நாட்டில் சில அரசுப் பள்ளிகளின் மாடியிலும் இப்படி வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு பூசப்பட்டிருக்கிறது. தென்னங்கீற்றுப் பந்தல் போட்டாலும் சரி. புல் கூரை செய்த வேலையில் பாதியை அது செய்யும்.

* கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் வெயில் சாய்ந்து அடிக்கும். அங்கே அவரைக்கொடியோ பாகற்கொடியோ படர விடுங்கள். நிழலும் உண்டு, கறியும் உண்டு!

* விறகு அடுப்பு உள்ள வீட்டில் புகை போகக் கூரைக்கு மேலே குழாய் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த தடவை கொல்லிமலைக்குப் போனால், ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீஸ்வரர் கோவிலையும் பார்த்துவிட்டு, வழியில் எங்காவது ஒரு புல் வீடு தென்படுகிறதா என்றும் தேடுங்கள். தென்பட்டால், அதில் வாழும் தாத்தா பாட்டியிடம் அனுமதி கேட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். வெயிலையும் குளிரையும் காசு செலவில்லாமல் சமாளித்த புத்தி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே புரியும்.

சரி குட்டீஸ், உங்கள் வீட்டுக்குள் வெயில் எந்த வழியாக வருகிறது, காற்று எந்த வழியாகப் போகிறது? இன்றைக்கே கண்டுபிடித்து, அப்பா அம்மாவுக்குச் சொல்லுங்கள் பார்க்கலாம்!