கல்லாவும் கணக்கேடும் ஒரே கையில்

சிறு நிறுவனங்களில் ஊழியர் மோசடி பெரும்பாலும் பூட்டை உடைத்து நடப்பதில்லை. பணத்தை வாங்குபவரும், அதைக் கணக்கில் ஏற்றுபவரும், மாத முடிவில் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பவரும் ஒருவராகவே இருக்கும் இடத்தில்தான் அது வேர்விடுகிறது. பெரிய நிறுவனங்கள் இவ்வேலைகளைத் தனித்தனி ஆட்களிடம் பிரித்துக் கொடுக்கின்றன. நான்கைந்து பேர் மட்டுமே உள்ள கடையில் அதற்கு வழியில்லாததால், இருப்பவர்களில் மிகவும் நம்பகமானவர் எனக் கருதப்படுபவரிடமே எல்லாம் போய்ச் சேர்கின்றன.

கையாடலுக்காகச் சிறைப்பட்டவர்களைச் சந்தித்து ஆய்ந்த அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, 1953இல் வெளியிட்ட நூலில், பிறரிடம் சொல்ல முடியாத பண நெருக்கடி, அதை மறைவாகத் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு, 'கடனாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்' என்ற மனச் சமாதானம் ஆகிய மூன்றும் கூடுவதைச் சுட்டினார். இதுவே பின்னர் 'மோசடி முக்கோணம்' எனப் பெயர் பெற்றது. இவற்றுள் முதலாளியின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் வாய்ப்பு ஒன்றே.

பில் போடாமல் விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்வதும், இல்லாத வியாபாரியின் பெயரில் கொள்முதல் பில் வைப்பதும் பலரும் அறிந்தவை. கண்டுபிடிக்கக் கடினமானது வசூல் சுழற்சி: ஒரு வாடிக்கையாளர் கட்டிய தொகையை எடுத்துக்கொண்ட ஊழியர், அடுத்தவர் கட்டும் தொகையை முதலாமவர் கணக்கில் வரவு வைத்து, அந்தப் பள்ளத்தை மூன்றாமவர் பணத்தால் நிரப்பிக்கொண்டே போகிறார். இதற்கு அவர் நாள் தவறாமல் இருக்கையில் இருந்தாக வேண்டும் என்பதால், விடுப்பே எடுக்காத கணக்கரைப் பாராட்டுவதற்கு முன் சற்று யோசிப்பது நல்லது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துச் சிறுநகரான டிக்சனில், நகராட்சியின் நிதி அதிகாரி 1990 முதல் 2012 வரை ஐந்து கோடி டாலருக்கும் மேல் கையாடினார். 2011இல் அவர் நீண்ட விடுப்பில் சென்றபோது, அவர் வேலையைப் பார்த்தவர் வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் விவரத்தையும் கேட்க, யாருமறியாத கணக்கொன்று வெளிப்பட்டது. அது வணிக நிறுவனமன்று. ஆனால் பணமும் கணக்கும் ஒரே கையில் இருந்த விதத்தில் அதற்கும் கடைக்கும் வேறுபாடில்லை.

ஆகவே ஆள் குறைவான இடத்தில் இரண்டாவது ஆளாக முதலாளியே இருந்தாக வேண்டும். வங்கி அறிக்கை கணக்கர் வழியாக அல்லாமல் நேரே அவரிடம் வருவதும், ரத்து செய்த பில்களை அவரே பார்ப்பதும், முன்னறிவிப்பின்றிச் சில பொருள்களின் இருப்பை எண்ணுவதும், ஆண்டுக்கொரு முறை ஒவ்வொருவர் வேலையையும் சில நாள் வேறொருவர் பார்ப்பதும் பெரிய செலவு வைப்பவை அல்ல. இவற்றை விட்டுவிட்டுக் கேமராக்களை மட்டும் வாங்கிக் குவிப்பதில் பயன் குறைவு. கேமரா கல்லாவைப் பார்க்கும், பேரேட்டைப் பார்க்காது.

பிடிபட்ட பின் சட்டம் ஒரு வேறுபாடு காண்கிறது. கிடங்கில் முதலாளியின் வசமுள்ள சரக்கை ஊழியர் எடுத்தால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 306ஆம் பிரிவின்படி திருட்டு. ஒப்படைக்கப்பட்ட வசூல் பணத்தைத் தனதாக்கிக்கொண்டால், 316(4)ஆம் பிரிவின்படி நம்பிக்கை மோசடி. இரண்டுக்குமே ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பின்னதில் பணம் ஒப்படைக்கப்பட்டதை முதலில் நிறுவியாக வேண்டியிருப்பதால், வாய்ப்பேச்சில் சாவியையும் பணத்தையும் கைமாற்றும் கடைகள் காவல் நிலையத்தில் காட்டுவதற்குக் கையொப்பமிட்ட ஒரு தாள்கூட இல்லாமல் திணறுகின்றன.