மெலிவும் உறுமலும்: கணினியில் கனத்த கீழொலி செய்வது பற்றி

நம்மிடையே இசை பற்றிய பேச்சு பெரும்பாலும் வரிகளைப் பற்றிய பேச்சாகவோ ராகங்களைப் பற்றிய பேச்சாகவோதான் இருந்து வருகிறது. யார் எழுதியது, எந்தப் பண்ணின் சாயல் என்பதோடு விமர்சனம் முடிந்துவிடுகிறது. பாட்டின் அடியில் கிடந்து உடம்பை அசைக்கிற கனத்த ஒலி, பேஸ் என்று எல்லோரும் சொல்கிறோமே, அது மட்டும் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. காலுக்குக் கீழே இருப்பதைப் பேச வேண்டியதில்லை என்கிற மனோபாவம் இதில் செயல்படுகிறது எனலாம். இன்று அந்த ஒலியை சின்தசைசர் மென்பொருளில் எப்படிச் செய்கிறார்கள் என்பதை இங்கே விளக்கப் பார்க்கிறேன். செய்முறை தெரியாமல் அதன் அரசியலைப் பேசுவது காற்றில் சிலம்பம் சுற்றுவதாகிவிடும்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். பழந்தமிழ் இசை மரபு ஸ்தாயிகளை மெலிவு, சமன், வலிவு என்று வகுக்கிறது. கீழ் ஸ்தாயி மெலிவு, மேல் ஸ்தாயி வலிவு. மனிதத் தொண்டையை அளவுகோலாகக் கொண்ட பெயர்கள் இவை என்றே தோன்றுகிறது. கீழே போகப்போகக் குரல் தேயும். மேலே ஏற மூச்சு வேண்டும். ஆம்ப்ளிபயரும் பெட்டி ஸ்பீக்கரும் வந்தபின் இந்த வரிசை கவிழ்ந்துவிட்டது. இன்று கீழேதான் வலிவு.

55 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் ஸ்பீக்கரின் கூம்பு நொடிக்கு 55 முறை முன்னும் பின்னும் போய் வருகிறது. காற்றில் அந்த அலையின் நீளம் 6 மீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய அலையைத் தள்ள அகலமான கூம்பும் பெரிய பெட்டியும் தேவை. தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரால் அது முடியாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஊமை. பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா 1980களில் பேஸ் கிடாரைத் தனியொரு குரலாகவே நடக்கவிட்டார். 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணினியையும் இசைக்குக் கொண்டுவந்தார். ஆனால் இதே கம்பம் பள்ளத்தாக்கின் கல்யாண வீட்டுக் குழாய்களில் அந்தக் குரலின் அடிவயிறு வந்து சேரவேயில்லை. நம் ஊர் தன் பாட்டையே பாதியாகத்தான் கேட்டது.

இனி செய்முறை. மென்பொருள் சின்தசைசரில் முதலில் ஓர் அலையைத் தேர்ந்தெடுக்கிறோம். சைன் அலை வழவழப்பானது. 55 என்றால் 55 மட்டும்தான். ரம்பப்பல் அலையில் 55, 110, 165, 220 என்று எல்லா மடங்குகளும் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும். இப்படிக் கரடுமுரடான ஒரு மூல ஒலியை எடுத்துக்கொண்டு, பில்டர் என்கிற வடிகட்டியால் வேண்டாத மேல்பகுதியைச் செதுக்கி எறிகிறோம். ஒலி எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்பதை என்வலப் தீர்மானிக்கிறது. எல்எப்ஓ என்பது காதுக்குக் கேட்காத மெதுவான இன்னொரு அலை. அதைக் கொண்டு வடிகட்டியைத் திறந்து மூடினால் ஒலி ‘வவ் வவ்’ என்று வாய் திறந்து பேசத் தொடங்குகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமான சங்கதி இல்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழுகிற காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகியவற்றில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் வேறுவேறு எழுத்தாகிறது என்கிறது. மூலம் ஒன்று, வடிகட்டும் வாய் பல. சின்தசைசரும் இந்தக் கணக்கில்தான் வேலை செய்கிறது.

பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் பகலில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். இரவில் மடிக்கணினியில் இசை செய்கிறான். 2020இல் வெளிவந்த வைட்டல் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்புதான் அவன் கருவி. “அண்ணே, செட்டுல போட்டா நெஞ்சுல இடிக்குதுங்கிறாய்ங்க, செல்லுல கேட்டா ஒண்ணுமே இல்லைங்கிறாய்ங்க” என்றான். செல்போனின் சின்ன ஸ்பீக்கர் 55 ஹெர்ட்ஸைத் தராது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒலியை இரண்டு அடுக்காகப் பிரிப்பார்கள். அடியில் சுத்தமான சைன். அது மோனோவாக, நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். இடமும் வலமும் வேறுபட்டால் இரண்டு அலையும் ஒன்றையொன்று தின்றுவிடும். மேலே ரம்பப்பல் அலை; அதைக் கொஞ்சம் நசுக்கி, சிதைத்து விட வேண்டும். சிதைவு மேல்மடங்குகளைப் பெருக்குகிறது. 110, 165, 220 கேட்டால் போதும், இல்லாத 55ஐ மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஸ்பீக்கர் தராததை உடம்பு ஊகித்துக் கேட்கிறது. வரிகளுக்கு இடையே வாசிப்பது பற்றி நாம் இத்தனை காலம் பேசியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

55இல் ஓர் அலை, 55.5இல் இன்னொன்று என்று வைத்தால் இரண்டும் 2 நொடிக்கு ஒருமுறை சேர்ந்து விலகி, ஒலி புரண்டு படுக்கும். 1988இல் கெவின் சாண்டர்சன் என்ற டெட்ராய்ட்காரர் ‘ரீஸ்’ என்ற பெயரில் வெளியிட்ட தட்டிலிருந்து இந்த ஒலிக்கு ரீஸ் பேஸ் என்றே பெயர். ரோலண்ட் கம்பெனி 1980களின் தொடக்கத்தில் விற்ற டிபி-303 என்ற பேஸ் பெட்டி சந்தையில் தோற்று, 1984இல் நின்றுபோனது. கைமாறிக் கிடைத்த அந்தப் பெட்டியின் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகித்தான் சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் ஆசிட் இசையை உருவாக்கினார்கள். அவர்களுக்கும் முன்பே, 1982இல், பம்பாயில் சரண்ஜித் சிங் அதே பெட்டியில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தோடு வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். யாரும் சீந்தவில்லை, 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கருவியைச் செய்தவன் எதிர்பார்த்த உபயோகமும் அது கைக்கு வந்தவன் செய்த உபயோகமும் வேறுவேறு. கனத்த ஒலியின் வரலாறு அந்த இடைவெளியில்தான் நடந்திருக்கிறது.

இன்று மென்பொருள் உலகில் அதிகம் தேடப்படும் ஒலிவகைகளில் ஒன்றின் பெயர் ‘க்ரௌல்’. தமிழில் சொன்னால் உறுமல். உறுமி என்று நம்மிடம் ஒரு வாத்தியமே இருக்கிறது. வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்த்து, அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஒலியை வழுக்கவிடுகிறார்கள், மறுபக்கத்தை அடிக்கிறார்கள். குச்சி தோலைப் பிடித்துப்பிடித்து விடுகிறது. அந்த உரசலே மூல அலை. கணினியில் இதைக் கிட்டத்தட்டச் செய்யலாம்: ரம்பப்பல் அலையோடு கொஞ்சம் இரைச்சல், நகர்ந்துகொண்டே இருக்கும் இரண்டு குறுகிய வடிகட்டிகள், சுருதி வழுக்கல். ஒரு நிபந்தனை உண்டு. எல்எப்ஓவைத் தாளத்தோடு பூட்டாமல், சக்கரத்தைக் கையாலேயே திருக வேண்டும். பூட்டினால் அது இயந்திரத்தின் உறுமல். திருகினால் மணிக்கட்டின் உறுமல்.

பிரச்சினை இதற்குப் பிறகுதான் வருகிறது. தயாராகச் செய்து விற்கப்படும் ஒலிக்கு ப்ரீசெட் என்று பெயர். உறுமி ஒரு ப்ரீசெட்டாக மாறும்போது அதை வாசித்தவரின் சாதியும் கூலியும் அவர் நின்ற வாசலும் அழிக்கப்பட்டு, ‘இன வாத்தியம்’ என்ற உறைக்குள் ஒலி மட்டும் மிஞ்சுகிறது. தோழர்கள் நடத்தும் கலை இரவுகளில்கூடப் பின்னணியில் பதிவுசெய்த பறை ஓடுவதைக் கேட்டிருக்கிறேன். விடுதலையின் குறியீடாக ஒலி வேண்டும், வாசிப்பவர் வேண்டாம் என்றால் அது எந்தப் பக்கத்து அரசியல்? அதேசமயம் மடிக்கணினி வைத்திருக்கும் அந்தத் தம்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் நான் தயாரில்லை. ஸ்டூடியோ வாசலை மிதிக்க முடியாதவனுக்கு இலவச மென்பொருள் ஒரு கதவு. அவன் ப்ரீசெட்டைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கிறானா என்பதே கேள்வி.

சட்டத்தின் காதையும் கவனிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. அளவு ‘ஏ’ எடையிட்ட டெசிபல். 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் அந்த அளவு காட்டும். அதாவது நெஞ்சில் இடிப்பதை மீட்டர் குறைத்தே எழுதுகிறது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் இது உண்மையான தொந்தரவு. செட் போடுகிற நம் ஆட்கள் இதை மறந்துவிடக் கூடாது. ஆனால் ‘இரைச்சல்’ என்ற புகார் எந்தத் தெருவின் ஒலிமீது முதலில் எழுகிறது என்பதை மீட்டர் எழுதுவதில்லை.

வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் உறுமி வாசிக்க வருகிறவர்களும் இரவெல்லாம் கணினி முன் உட்கார்ந்திருக்கும் பையன்களும் ஒரே ரோட்டில்தான் போய் வருகிறார்கள். அடுத்த கலை இரவுக்கு ஸ்பீக்கர் வாடகை பேசும் தோழர்கள் இந்த இரண்டு பேரையும் ஒரே மேடையில் உட்கார வைத்து, இரண்டு பேருக்கும் சம்பளம் பேசினால் என்ன?