நேற்று கொஞ்சிய கிளி இன்று கொத்துகிறதே, ஏன் தெரியுமா?

நேற்று வரை தோளில் ஏறி உட்கார்ந்து காது மடலைச் செல்லமாகக் கவ்விக்கொண்டிருந்த கிளி, இன்று காலை விரலை நீட்டியதும் ரத்தம் வரக் கொத்திவிட்டது. "திமிர் பிடிச்சிடுச்சு", "யாரோ கண்ணு வெச்சிட்டாங்க" என்று வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. ஆனால் கொத்துவதற்கு முன்பே அது கண்ணால் எச்சரித்திருக்கும், தெரியுமா? நம் கண்பாப்பா வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகச் சுருங்கி விரியும், நாம் சொன்னால் கேட்காது. கிளியோ நினைத்த மாத்திரத்தில் அதைச் சுருக்கும், விரிக்கும்! குதூகலம் என்றாலும் அப்படித்தான், கோபம் என்றாலும் அப்படித்தான். கண் அப்படித் துடிக்க, வாலும் விசிறி போல விரிந்துவிட்டால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

கிளி என்றால் பச்சைக்கிளி மட்டுமில்லை. நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று ஜோடியாக வாங்கி வருபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர்கள். அசல் லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காக்காரர்கள். இரண்டுமே கிளி இனம்தான். இரண்டுக்கும் நம்மால் பார்க்க முடியாத புற ஊதா ஒளி தெரியும்! நிறங்களைப் பிரித்தறிய நம் கண்ணில் மூன்று வகைக் கூம்பு செல்கள், அவற்றுக்கு நான்கு. புது நெயில் பாலீஷ் போட்ட விரலைக் கண்டு பழகிய பறவை மிரண்டால், அது பார்க்கும் நிறமே வேறு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டில் ஒரு காக்டெய்ல் இருந்தது (அதுவும் கிளி இனப் பறவைதான்!). விசிலில் பெரிய வித்வான். ஒருநாள் நடுராத்திரி கூண்டுக்குள் படபடவென்று ஒரே களேபரம். ஓடிப்போய் விளக்கைப் போட்டால், கூண்டுக் கம்பியெல்லாம் ரத்தத் துளி, கீழே பாதி வளர்ந்த ஒரு இறகு. புதிதாக முளைக்கும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும். அது முறிந்தால் ரத்தம் கொட்டும். மறுநாளிலிருந்து கையே வைக்க விடவில்லை, விசிலும் போச்சு. பேய் பிசாசு ஒன்றுமில்லை. தெருவில் திரும்பிய ஏதோ ஒரு காரின் ஹெட்லைட் ஜன்னல் வழியே கூண்டின் மேல் பாய்ந்திருக்கிறது. காக்டெய்ல்களுக்கு இந்த இரவுப் பீதி சர்வ சாதாரணம், தெரியுமா? ஜன்னலுக்குத் திரை போட்டு, பக்கத்தில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியவிட்டார்கள். பத்து நாளில் விசில் திரும்பி வந்தது.

வெளிச்சம் இன்னொரு வேலையும் செய்யும். ஹாலில் ராத்திரி பதினோரு மணி வரை சீரியல் ஓடுகிறது, ட்யூப் லைட் எரிகிறது. கிளியின் உடம்பு என்ன நினைக்கும் தெரியுமா? பகல் நீண்டுவிட்டது, கூடு கட்டும் காலம் வந்துவிட்டது என்று! உடனே சோபாவுக்கு அடியில் இருட்டு மூலை தேடும், தின்றதைக் கக்கி உங்களுக்கே ஊட்டப் பார்க்கும், நடுவில் யார் வந்தாலும் கொத்தும். முதுகைத் தடவிக் கொடுத்தால் தீர்ந்தது கதை. நீங்கள்தான் அதன் ஜோடி என்று முடிவே கட்டிவிடும். தலையைத் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் தூங்க விடுங்கள். சீரியலா, கிளியா என்பது உங்கள் பாடு.

நீங்கள் அறையை விட்டு நகர்ந்ததும் கத்தத் தொடங்குகிறதா? அது பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகக்கூட இருக்கலாம்! வெனிசுலாவில் ஒரு குட்டிக் கிளி இனத்தை ஆராய்ந்தவர்கள் 2011-ல் சொன்ன சேதி: தாய் தகப்பன் கிளிகள் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனி அழைப்பொலியைக் கற்றுக்கொடுக்கின்றன, நாம் பிள்ளைக்குப் பெயர் வைப்பது மாதிரி. அடுத்த அறையிலிருந்து பதிலுக்கு ஒரு விசில் கொடுத்துப் பாருங்கள்.

திடீரென்று கெட்ட வார்த்தை பேசுகிறதா? இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் வனவிலங்குப் பூங்காவில் 2020-ல் வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த ஐந்து ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளை ஒரே அறையில் வைத்தார்கள். ஒன்று வைய, இன்னொன்று சிரிக்க, கடைசியில் ஐந்தையும் பார்வையாளர் கண்ணில் படாமல் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. உங்கள் கிளி வையும்போது நீங்கள் சிரித்துவிட்டால் போச்சு, அதற்கு அதுதான் பரிசு.

இனி விளையாட்டில்லை. கொத்துகிற கிளியை விட, சும்மா இருக்கும் கிளிக்குத்தான் பயப்பட வேண்டும். காட்டில் நோஞ்சானாகத் தெரிந்தால் வல்லூறு தூக்கிப் போய்விடும் என்பதால், நோயை மறைப்பது அதன் ரத்தத்திலேயே ஊறியது. உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தால், மூச்சுக்கு மூச்சு வால் ஆடினால், எச்சத்தின் நிறம் மாறினால், நோய் முற்றியிருக்கக்கூடும். இன்னொன்று, சமையலறையில் கூண்டு வேண்டவே வேண்டாம். காலியான நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நம் மூக்குக்குத் தெரியாமலே போகலாம். பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுகிறேன். நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதன் குணம் மாறுவது பற்றி என்னிடம் யோசனை கேட்காதீர்கள், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

மற்றவர்கள் ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். தினமும் காலையில் தீனி வைக்கும் முன் பறவையை நிறுத்து, காலண்டரில் குறித்து வையுங்கள். தொண்ணூறு கிராம் காக்டெய்ல் ஒன்பது கிராம் இளைத்தால் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. இரண்டு டீஸ்பூன் சர்க்கரை அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. தராசு அதைக் காட்டிய அன்றே, பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.