பிரெஞ்சே தெரியாத குழந்தைக்கு பிரெஞ்சில் பாடம்: டீச்சர் எப்படி சமாளிக்கிறார்?

வீட்டில் தமிழ், எல்கேஜியில் இங்கிலீஷ். உடுமலை பக்கம் கொமரலிங்கம் மாதிரி ஊர்களுக்கும் இது புதுசு இல்லை. ஆனா, புரியாத மொழியில் குழந்தை மிரண்டு போய் வாயே திறக்கலைன்னா? கனடாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்.

1965-ல் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட்டில், இங்கிலீஷ் பேசும் பெற்றோர்கள் விடாமல் கேட்டு ஒரு மழலையர் வகுப்பைத் தொடங்க வைத்தனர். டீச்சர் பேசுவது முழுக்க பிரெஞ்சு. பாட்டு, சைகை, படம் என்று புரிய வைப்பார். ஆனால் குழந்தை தண்ணீர் வேண்டும் என்று தன் வீட்டு மொழியிலேயே கேட்கலாம், திட்டு விழாது. டீச்சருக்கு அது புரியும். பதிலை மட்டும் பிரெஞ்சில் சொல்வார். இங்கிலீஷ் வாசிப்பு இரண்டாம் வகுப்பில்தான் வந்தது. ஆனாலும் சில ஆண்டுகளில் தாய்மொழியிலும் அவர்கள் பின்தங்கவில்லை என்றது மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட் குழுவின் ஆய்வு.

சூட்சுமம் டீச்சரிடம்தான். இரண்டு மொழியும் தெரிந்த அப்படிப்பட்டவர்கள் போதுமான அளவு கிடைக்காமல் கனடாவே திணறுகிறது. அங்கே இதே வகுப்பில் சேரும் தமிழ்க் குழந்தைக்கு இன்னும் சிக்கல்: டீச்சருக்கு இங்கிலீஷ் புரியும், தமிழ் பெரும்பாலும் புரியாது.

நம்மூரில் டீச்சருக்குத் தமிழ் தெரியும். பேசவிடுகிறார்களா என்பதே கேள்வி. அட்மிஷனுக்குப் போகும்போது ஃபீஸோடு இதையும் கேளுங்க: பாத்ரூம் போகணும்னு குழந்தை தமிழில் சொன்னா, என்ன செய்வீங்க?