நிறுவனம் செழிக்கும் நெறி

தனியொருவர் ஆற்ற இயலாத பெருஞ் செயலைப் பலர் கூடி ஆற்றுதற்கு அமைத்துக்கொண்ட கருவியே நிறுவனமாகும். கல்லூரி, கோயிற் பரிபாலன சபை, கூட்டுறவுச் சங்கம், பழைய மாணவர் சங்கம் ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. கருவியெனின் காலப்போக்கில் அது கூர் மழுங்குதலும் இயல்பே. மழுங்கிய கருவியைத் தீட்டுவது எங்ஙனம்? ஒரு நிறுவனத்தின் செயற்றிறனை உயர்த்துதற்கு இரு வழிகள் உள. விளைவை எண்ணிப் பரிசும் தண்டமும் வழங்குதல் ஒன்று. விளைவுக்குக் காரணமானவற்றைத் தேடிச் சீர்செய்தல் மற்றொன்று. இவ்விரண்டும் எமது நாட்டுக் கல்வித் துறையிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டவை என்பதை அறிவோர் சிலரே.

இலங்கையில் 1869ஆம் ஆண்டு பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதனையடுத்து, தனியார் நடாத்திய பாடசாலைகளுக்கு அரசினர் அளித்த உதவி நன்கொடை, பரீட்சைப் பெறுபேற்றுக்கு ஏற்பவே கொடுக்கப்படலாயிற்று. இம்முறையின் தாயகம் இங்கிலாந்து. அங்கு றொபேட் லோ என்னும் அரசியலாளர் 1862ஆம் ஆண்டு கொணர்ந்த விதிக்கோவை இதனை நிலைநாட்டியது. வித்தியாதரிசி பாடசாலைக்கு வருவார். வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். சித்தியடைந்தோர் தொகையை ஒட்டிப் பணம் கிடைக்கும். செலவிட்ட பணத்துக்குப் பயன் கிடைத்ததா என்று அறிய விரும்பிய அரசினரின் நோக்கத்தைக் குறைகூறுதல் இயலாது. எனினும் நடந்தது யாது? சோதனைக்குரிய பகுதியைப் பிள்ளைகள் மனனஞ் செய்து ஒப்புவித்தனர். சோதிக்கப்படாத பாடங்கள் வாடின. கவிஞரும் வித்தியாதரிசியுமாகிய மத்தியூ ஆனல்ட் என்பார், கற்பித்தல் உயிரற்ற இயந்திரத் தொழிலாகின்றதெனத் தம் அறிக்கைகளில் வருந்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே இங்கிலாந்து அம்முறையைக் கைவிட்டது.

இனி மற்றை வழியை நோக்குவோம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகள் கற்றற்கேற்ற நூல்கள் இல்லாமையைக் கண்ட அவர், மாணாக்கரையோ ஆசிரியரையோ கடிந்தாரல்லர், அச்சியந்திரம் நிறுவினார், பாலபாடங்களைத் தாமே எழுதி வெளியிட்டார். குறை எங்கே பிறக்கின்றதோ ஆங்கே கைவைத்தார்.

1923ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் இந்நெறியிலேயே நின்றது. ‘இந்து போட்’ இராசரத்தினம் என மக்களால் அன்போடு வழங்கப்பெற்ற பெருந்தகை அதன் உயிர்நாடியாக விளங்கினார். ஊர்தோறும் பாடசாலை திறந்ததனோடு அச்சங்கம் அமைந்துவிடவில்லை. பாடசாலை பெருகப் பெருகப் பயிற்றப்பட்ட ஆசிரியர் வேண்டப்படுவர் என்பதை உணர்ந்து, திருநெல்வேலியிற் சைவாசிரிய கலாசாலையை நிறுவிற்று. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை போன்ற பேரறிஞர் அங்கு நீண்டகாலம் கற்பித்தனர். அங்குப் பயின்ற ஓர் ஆசிரியர் தம் சேவைக்காலத்தில் எத்துணைப் பிள்ளைகளுக்குக் கண் திறந்திருப்பார்! ஊற்றைத் தூர்வாரினால் வாய்க்கால் தானே நிரம்பும்.

இவ்வுண்மையைக் கைத்தொழில் உலகமும் பின்னர்க் கண்டது. எட்வேட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1950ஆம் ஆண்டு யப்பானில் பொறியியலாளருக்கும் தொழிலதிபர்களுக்கும் விரிவுரை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டே அவர் பெயராற் பரிசொன்றும் அந்நாட்டில் ஏற்பட்டது. குறைகளிற் பெரும்பாலன தொழிலாளரிடத்தன்று, வேலை அமைந்துள்ள முறையிலேயே பிறக்கின்றன என்பது அவர் கொள்கை. தொகை குறித்து அச்சுறுத்துதலை அவர் வன்மையாகக் கண்டித்தார்.

தமிழாசிரியனுக்கு இக்கொள்கை புதிதன்று. நாற்பது கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துகின்றோம். இரண்டு மூன்று மாணவர் மட்டும் ரகர றகர வேறுபாட்டிற் பிழைவிடின், அவரைத் தனியே அழைத்துத் திருத்தலாம். முப்பது மாணவர் ஒரே பிழையை விடின், திருத்தப்பட வேண்டியது அந்தப் பாடமே. முப்பது கொப்பிகளிலும் சிவப்பு மையாற் கோடிட்டுப் புள்ளியைக் குறைப்பதனால் யாதும் விளையாது. எப்பிழை எத்தனை கொப்பிகளில் வந்தது என்று ஒரு தாளிற் குறித்துவைக்கும் ஆசிரியர், அடுத்த தவணையில் எதனை மீளக் கற்பிக்க வேண்டும் என்பதை அறிவார்.

அங்ஙனமாயின் பரீட்சையும் புள்ளியும் வேண்டாவோ எனின், வேண்டும். அளவையின்றி நிலைமையை அறிதல் அரிது. ஆயினும் வெப்பமானி காய்ச்சலைக் காட்டுமேயன்றித் தீர்க்காது. காட்டும் எண்ணைக் குறைப்பதே குறிக்கோளாயின், அதனைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினாலும் போதும். நோயாளி நோயாளியாகவே இருப்பான்.

இன்று எமது சூழலை நோக்குமிடத்து, பழைய பெறுபேற்று முறை வேறு வடிவில் மீண்டதோ என ஐயுற வேண்டியுள்ளது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்தினோர் தொகையையும், சாதாரண தரத்தில் ஒன்பது ‘ஏ’ பெற்றோர் தொகையையும் கொண்டே பெற்றோர் பாடசாலையை எடைபோடுகின்றனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாடசாலை விட்டதும் நேரே தனியார் வகுப்புக்கு விரையும் சிறுவரைக் காண்கின்றோம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளை எத்தொகையிலும் சேர்வதில்லை. ஆதலின் எவர் கண்ணிலும் படுவதில்லை. அப்பிள்ளையை இழக்கும் கல்லூரி, எத்துணைப் பதாகை கட்டினும், தன் கடமையில் ஒரு பங்கை இழந்ததேயாகும்.

இங்கே பழைய மாணவர் பொறுப்பு யாது? 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசினர் வசமாயின. அதிபரையும் ஆசிரியரையும் நியமிக்கும் அதிகாரம் இன்று சங்கங்களிடம் இல்லை. எனினும் எதற்குப் பரிசளிப்பது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்னும் உரிமை உண்டு. சங்கம் எதனைப் பாராட்டுகின்றதோ அதனை நோக்கியே கல்லூரி திரும்பும். முதன்மைப் புள்ளி பெற்றவனுக்குப் பதக்கம் சூட்டுவதோடு, பின்தங்கிய வகுப்பை முன்னேற்றிய ஆசிரியரையும் மேடைக்கு அழைத்தல் வேண்டும். நூலகத்துக்கு அலுமாரி வழங்கின், அவ்வாண்டு எத்தனை மாணவர் நூல் இரவல் பெற்றனர் என்றும் கேட்டல் வேண்டும்.

சங்கத்தின் நடைமுறைக்கும் இஃது ஒக்கும். திருவள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். வினைக்குரியவரை அறிந்து அவரிடம் வினையை ஒப்படைத்தலே அதன் பொருள். ஒவ்வொரு கூட்டத்திலும் சென்ற கூட்டத் தீர்மானங்களை முதலில் எடுத்து, யார் பொறுப்பேற்றார், எந்நாளுக்குள் முடிப்பதாக ஒப்பினார், முடிந்ததா, முடியாவிடின் தடை யாது என வினாவுதல் வேண்டும். ‘தடை யாது’ என்னும் வினாவே தலையாயது. அது குற்றஞ் சாட்டுதற்கன்று, வழி திறத்தற்கேயாம். அன்றியும், காரியதரிசியும் தனாதிகாரியும் விலகும்போது, அங்கத்தவர் இடாப்பும் கணக்கேடும் மட்டுமன்றித் தாம் அறிந்த வேலைமுறையையும் எழுதிக் கையளித்தல் வேண்டும். 1902ஆம் ஆண்டு தோன்றிய கொழும்பு விவேகானந்த சபையும், 1942ஆம் ஆண்டு தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் தாபகர் காலம் கடந்தும் நிலவுகின்றன. முன்னையதன் சமய பாடப் பரீட்சையும் பின்னையதன் நூலகமும், இன்னார் இருந்தாலன்றி நடவா என்னும் நிலையில் இல்லாது, முறையாகத் தொடரும் பணிகளாக அமைந்தமை அதற்கு ஒரு காரணம் எனலாம்.

யூபிலி ஆண்டு சென்றதைப் போற்றுதற்கு மட்டும் உரியதன்று. கணக்குப் பார்த்தற்கும் உரியது. எத்தனை பேரைச் சித்தியடையச் செய்தோம் என்னும் வினாவோடு, எப்பிள்ளையை எக்காரணத்தால் தவறவிட்டோம் என்னும் வினாவையும் எழுப்புவோமாக. அக்காரணத்தைக் களையும் பணியில் ஆசிரியரும் பழைய மாணவரும் கைகோப்பின், எமது கல்லூரி மேன்மேலும் ஓங்குதல் திண்ணம்.