தைராய்டு மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது?

"காலையில் எழவே முடியவில்லை, முடி கொட்டுகிறது, எடை கூடுகிறது" என்று ஒரு பெண் சொன்னால், நம் வீடுகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "சோம்பேறித்தனம்" என்பதுதான். குளிர் தாங்கவில்லை, மலச்சிக்கல், மாதவிடாய்க் கோளாறு, மறதி என்று அவள் சொல்லிக்கொண்டே போனாலும் யாரும் கேட்பதில்லை. பிறகு எதற்கோ இரத்தம் பரிசோதிக்கும்போது தைராய்டு என்று தெரிகிறது. ஆண்களுக்கும் இது வரும். ஆனால் பெண்களையே பல மடங்கு அதிகமாகத் தாக்குகிறது.

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் சிறு சுரப்பி தைராய்டு. உடல் எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை இதன் ஹார்மோன்கள் நிர்ணயிக்கின்றன. கிருமிகளை விரட்ட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், சிலருக்கு இந்தச் சுரப்பியையே எதிரி என்று எண்ணித் தாக்கத் தொடங்கிவிடுகிறது. சுரப்பி மெல்லச் சிதைந்து ஹார்மோன் குறைகிறது. ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-ல் நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து இதை விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. உடலே தன்னைத் தாக்குகிறது என்பதோ, 1956-ல் லண்டன் ஆய்வாளர்கள் நோயாளிகளின் இரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கண்ட பிறகே புரிந்தது.

தைராய்டு சோர்ந்தால் டி.எஸ்.எச். அளவு ஏறும். ஆன்டி டி.பி.ஓ. பரிசோதனை காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். முடி கொட்டுவதற்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுவோர் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அது பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும்.

சிகிச்சை, லெவோதைராக்சின் மாத்திரை. உடல் சுரக்க வேண்டிய ஹார்மோனைத்தான் நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம். இது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்தல்ல. "இப்போது நன்றாக இருக்கிறேன்" என்று நிறுத்திவிடும் சகோதரிகள் ஏராளம். அந்த நலமே மாத்திரை தந்ததுதான்! மருந்து உடலிலிருந்து மெதுவாகவே குறையும் என்பதால், நிறுத்திய சில நாட்களுக்கு எதுவும் தெரியாது. குணமாகிவிட்டது என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. சில வாரங்களில் பழைய சோர்வு திரும்பிவிடும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, தேநீருக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேரம். ரமளானில்தான் குழப்பம் வருகிறது. நோன்பு திறந்த கையோடு, கஞ்சியுடன் சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உடலில் சேராது. ஸஹர் உணவுக்கு அரை மணி முன்னதாக எழுந்து சாப்பிடலாம். அல்லது இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்து, உறங்கும் முன் சாப்பிடலாம். எது பொருந்தும் என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வோம்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் தாமதமே கூடாது. "குழந்தைக்கு ஆகாது" என்று மாமியாரோ அண்டை வீட்டாரோ சொல்வதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துவது பெரும் தவறு. முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்த உடனேயே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அப்போது மாத்திரையின் அளவைப் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும்.